கதவைத் தட்டாதவர்கள்

டைப்பிஸ்ட் அக்காவின் கதவுப் பிடியில் அன்று காலை நீலத் துணியைக் கட்டியது செக்கரம்மாதான். ஏழு இருபதுக்குக் கட்டினாள். இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் படியிறங்கிப் போனாள். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்ற நிறைவு அவள் மனத்தில் இருந்தது. அந்த நிறைவை நினைத்தால்தான் பின்னால் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தத் துணியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

அது மூன்று மாடிக் கட்டடம், மாடிக்கு நான்கு வீடு. செக்கரம்மாவுக்கு மூன்றாம் மாடி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணியைச் சரிபார்க்கும் செக்கர் வேலை அவளுக்கு. பெயரும் அதனால் வந்ததுதான். அடியில் குழல்விளக்குகள் எரியும் கண்ணாடி மேசை. அதன் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். கறையோ ஓட்டையோ நூல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் மேசையை நிறுத்திச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வெள்ளைத் துணி ஓடினால் பிழைத்தாள். கோடு போட்ட துணி ஓடுகிற நாளில் மதியத்துக்குள் கண்ணோரத்தில் ரம்பப்பல் மாதிரி ஒரு வெளிச்சம் கிளம்பும். அது வளர்ந்து பாதிப் பார்வையைத் தின்றுவிடும். அடுத்த அரை மணியில் இடப்பக்க மண்டைக்குள் யாரோ உட்கார்ந்து கல் உடைக்கத் தொடங்குவார்கள். வாந்தி, இரண்டு நாள் படுக்கை. பதினெட்டு வருஷமாக இதே கதைதான்.

"எங்களுக்கெல்லாம் தலையே இல்லையா? நாங்களும் ஒரு மாத்திரையப் போட்டுட்டு வேலை பாக்கலையா?" என்பார் சூப்பர்வைசர். மாமியார், "வேலைக்கு வணங்காத உடம்புக்கு வர்ற நோவு" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கெட்டவர் இல்லை. ஆனால் கழற்றிப் பார்க்க முடியாத பழுதை அவரால் நம்ப முடியவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒருநாள் வேலையிலிருந்து பாதியில் திரும்பியவள், முதல் மாடிக்கு மேல் ஏற முடியாமல் படியிலேயே கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு கதவு திறந்தது. "என்னாச்சு, ஏதாச்சு" என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கை வந்து முழங்கையைப் பிடித்தது. இருட்டான ஓர் அறைக்குள் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தது. நெற்றியில் ஈரத்துணி விழுந்தது. கைக்கெட்டும் இடத்தில் ஒரு வாளி வந்தது. நான்கு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது மூலையில் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"இடது."

"எனக்கு வலது. நம்ம ரெண்டு பேத்தையும் சேர்த்தா முழுசா ஒரு நல்ல தலை தேறும்."

அத்தனை வருஷத்தில் அந்த வலியோடு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்ததில் மறுபடி வாந்தி வந்தது. அவர்தான் வாளியைப் பிடித்தார்.

அவர்தான் டைப்பிஸ்ட் அக்கா. கணவர் இல்லை, ஒரே மகன் வேறு ஊரில் வேலையாக இருந்தான். வக்கீல்களுக்கு வீட்டிலிருந்தபடியே மனுக்கள் தட்டச்சு செய்துகொடுப்பார். அன்றிலிருந்து ஞாயிறு மதியங்களில் திரை இழுத்துவிட்ட அவருடைய அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சில மாதத்தில் இரண்டாம் மாடி வேன்காரரும் வந்து சேர்ந்தார். "ஆம்பளைக்கு இதெல்லாம் வராதுன்னு நெனச்சு இத்தன நாளும் கறுப்புக் கண்ணாடியப் போட்டு மறைச்சிட்டுத் திரிஞ்சேங்க" என்றார். அங்கே ஒரே சட்டம்தான்: யாரும் யாருக்கும் வைத்தியம் சொல்லக் கூடாது. வைத்தியம் சொல்லத்தான் வெளியே உலகம் முழுக்க ஆள் இருக்கிறதே. வலி வந்த நாளைக் குறித்து வைத்தார்கள். வேளை தவறாமல் சாப்பிட்டார்களா, நேரத்துக்குத் தூங்கினார்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மூவரும் சேர்ந்தே ஒரு நல்ல டாக்டரிடம் போனார்கள். மாதத்தில் பதினைந்து நாள் படுத்துக் கிடந்தவள் ஆறு நாளுக்கு வந்தாள். மீதி ஒன்பது நாளும் ஆண்டவன் தனக்குத் திருப்பிக் கொடுத்தவை என்று அவள் நம்பினாள்.

"கிளம்பிட்டாங்கப்பா, தலைவலி சங்கத் தலைவி" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்துவிட்டு, அவள் திரும்பி வருவதற்குள் பாத்திரங்களைக் கழுவி வைத்திருப்பார்.

துணி, அக்காவின் யோசனை. வலி வந்தவர் வீட்டுக் கதவுப் பிடியில் நீலத் துணி தொங்கினால் யாரும் தட்டக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. மூன்று பேருக்காக ஏற்பட்ட வழக்கத்தைக் கட்டடம் முழுவதுமே எடுத்துக்கொண்டது. துணியைப் பார்த்தால் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தன. எதிர்வீட்டில் டிவியின் சத்தம் இறங்கியது. கீழ்வீட்டம்மா ஒரு பையில் பாலும் ரொட்டியும் போட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, கள்ளி மாதிரி அடிமேல் அடிவைத்துத் திரும்புவார். வலியில் கிடப்பவருக்கு உலகம் காட்டக்கூடிய அன்பில் முக்கால் பங்கு, சத்தம் போடாமல் இருப்பதுதான். அதை அந்தக் கட்டடம் கற்றுக்கொண்டிருந்தது.

அன்று காலை வேலைக்குக் கிளம்பியவள், அக்காவின் கதவு பாதி திறந்திருப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. வலியில் எப்போதும் சுருங்குகிற முகம்தான்.

"வந்துடுச்சாக்கா?"

அக்கா ஏதோ சொன்னார். வார்த்தைகள் மாவு மாதிரிக் குழைந்து வந்தன. "கை... மர... மரத்து..." என்று வலக்கையை இடக்கையால் தூக்கிக் காட்டினார்.

செக்கரம்மாவுக்கு அது புதிதே இல்லை. வலி தொடங்கும்முன் அவளுக்கும் விரல்கள் மரத்துப்போகும். நாக்கு குழறும். ஒருமுறை "சாவி எங்கே" என்பதற்குப் பதிலாக "சட்டை எங்கே" என்று நாலுமுறை கேட்டு, வீட்டுக்காரர் மாற்றி மாற்றிச் சட்டையாக எடுத்துக் கொடுத்ததை ஞாயிற்றுக்கிழமையில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"பேசாதீங்கக்கா. பேசப் பேசத்தான் கூடும். வாங்க, படுங்க."

படுக்க வைத்தாள். மாத்திரை கொடுத்தாள். அது தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டது. வாளியை வைத்தாள், திரையை இழுத்தாள். கிளம்பியபோது அக்காவின் இடக்கை அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. கண்கள் அகலத் திறந்திருந்தன. வலி வந்தால் கண்ணைத் திறக்காதவர் அக்கா. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் மனத்தில் வாங்கவில்லை. பஸ் ஏழரைக்கு.

"நான் துணி கட்டிட்டுப் போறேன். ஒரு ஈ, காக்கா வராது. நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டுப் போனாள்.

தலைவலி என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தி அன்று அந்த வாசலில் எட்டிப் பார்த்திருந்தால் ஐயோ என்று அலறிக் கட்டடத்தையே கூட்டியிருப்பாள். எல்லாம் தெரிந்த ஒருத்தி பார்த்ததால் அக்கா தனியே கிடந்தார்.

மாலை ஆறு மணிக்குத் திரும்பியபோது துணி அப்படியே இருந்தது. அதன் மேல் கீழ்வீட்டம்மாவின் பை. பால் திரிந்து கட்டிதட்டியிருந்தது. எவ்வளவு வலியிலும் அக்கா மதியத்துக்குள் பையை உள்ளே எடுத்துவிடுவார். செக்கரம்மாவிடம் அக்கா வீட்டுச் சாவி ஒன்று உண்டு. திறந்தாள்.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், தரையில், கதவைப் பார்த்துக் கையை நீட்டியபடி அக்கா கிடந்தார். மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து நின்றவர்களிடம் கேட்டார்: "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. கடைசியா இவங்க நல்லா இருந்ததப் பாத்தது யாரு? எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்காவது தெரியுமா?"

ஏழு இருபது. அது செக்கரம்மாவின் தொண்டைவரை வந்தது.

"தெரியலீங்க" என்றார் கீழ்வீட்டம்மா. "காலையில எட்டு மணிக்கெல்லாம் கதவுல துணி இருந்துச்சு. அவங்களே கட்டிட்டுப் படுத்திருக்காங்க பாவம்."

"ஒரு நாலு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்துக் கரைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். செக்கரம்மா கணக்குப் போட்டாள்: பதினொன்று இருபதுக்குள். அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

உயிர் தங்கியது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. பத்து விரலால் பிழைத்தவருக்கு ஐந்து விரல் மிஞ்சியது.

மூன்று நாள் செக்கரம்மா மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்குமாக அலைந்தாள். மேசையில் துணி ஓடியது. ஓட்டை ஓடியதும் தெரியவில்லை. அவள் நினைவெல்லாம் ஒன்றிலேயே நின்றது. பதினொரு மணி நேரம் தனியே கிடந்தவருக்குப் புத்தி தெளிவாகவே இருந்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கும்: கதவில் துணி இருக்கிறது, யாரும் தட்டப்போவதில்லை என்று.

மூன்றாம் நாள் மருத்துவமனை வாசலில் வேன்காரர் அவளைத் தனியே அழைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண் வீங்கியிருந்தது.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன்மா. பத்தரை மணி இருக்கும், வண்டிச் சாவிய மறந்துட்டு மேல ஏறினேன். அக்கா வீட்டுக்குள்ள தொம்முனு ஏதோ விழுந்த சத்தம். நின்னேன். துணியப் பாத்தேன். பாவம், வாந்தியெடுக்க எழுந்திருக்காங்கபோலன்னு... செருப்பக் கழட்டிக் கையில எடுத்துட்டு மெல்லப் போயிட்டேன்மா. செருப்பக் கழட்டினேன் பாருங்க, அத நெனச்சாத்தான்..."

அப்போதும் அவள் சொல்லவில்லை. அவருடைய பாரத்தில் பாதியை அந்த இடத்திலேயே இறக்கி வைத்திருக்கலாம்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க பாரு. அவங்களே கட்டிக்கிட்டாங்கன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அவங்களால பேச முடியாது. நீ இப்ப வாயத் தொறந்து என்ன ஆகப்போவுது? கால் எழுந்து நடந்துருமா?"

"நடக்காது."

"அப்புறம்?"

"அவங்க மகன், 'அம்மா ஏன் யாரையும் கூப்பிடாமத் துணியக் கட்டிட்டுப் படுத்தாங்க'ன்னு அவங்கமேலயே கோவப்படறான். அந்தப் பழியும் சேர்ந்து அக்காமேல விழணுமா?"

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அந்த வீட்டுக்குள்ள அப்புறம் உன்னைச் சேக்க மாட்டாங்க. உன் வலிய நம்புன ஒரே இடம் அதுதான். யோசிச்சுக்கோ."

அவர் சொன்னது சரிதான். அவள் இழக்கப்போவது என்னவென்று அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று பிரார்த்தனையில் வார்த்தை வரவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். சில சமயம் ஆண்டவனிடம் சொல்ல வேண்டியதை முதலில் மனிதரிடம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது.

மறுநாள் வார்டு வாசல் பெஞ்சில், ஊரிலிருந்து வந்திருந்த அக்காவின் மகனின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அன்னிக்கித் துணியக் கட்டுனது அம்மா இல்ல. நான்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஏழு இருபதுக்கு. கை மரத்துப்போச்சுன்னு காட்டினாங்க. பேச்சு குழறுச்சு. எனக்கும் அப்படி வரும், அதனால அதுன்னு நெனச்சுட்டேன். என் பைய விடமாட்டேன்னு பிடிச்சாங்க. நான்தான் கையப் பிரிச்சுவிட்டுட்டுப் போனேன். டாக்டர் கேட்டப்பவும் வாயத் தொறக்கல."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்குல்ல ஆன்ட்டி?"

எடுத்துக் கொடுத்தாள்.

"இனிமே அம்மாவப் பாக்க வராதீங்க."

அன்று மாலையே வேன்காரரிடமும் கீழ்வீட்டம்மாவிடமும் சொன்னாள். கீழ்வீட்டம்மா அழுதார். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. வேன்காரர் மட்டும் பெருமூச்சு விட்டு, "கட்டுனது நீங்க, தாண்டிப் போனது நாங்க. யாரு யாரத் திட்டுறது?" என்றார். பிறகு, "இனிமே நான் படுத்தா கதவ உடைச்சுட்டு உள்ள வாங்க. வந்து, தலைவலியா அடைப்பான்னு பாக்க, ரெண்டு கையத் தூக்குடா, பேரச் சொல்லுடான்னு கேளுங்க. நான் கெட்ட வார்த்தையில திட்டுவேன். திட்டினா நல்லா இருக்கேன்னு அர்த்தம்" என்றார்.

மூன்று வாரம் போனது. இரண்டுமுறை அவளுக்கு வலி வந்தது. இரண்டுமுறையும் வேன்காரரின் மனைவி உள்ளே வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவளை எழுப்பிக் கையைத் தூக்க வைத்தார். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கை தூக்கினாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் போன் அடித்தது. அக்காவின் மகன்.

"ஆன்ட்டி... அம்மா ரெண்டு நாளாக் கண்ணத் திறக்கல. சாப்பிடல. பயிற்சி குடுக்க வர்றவங்களப் பிடிச்சுத் தள்ளுறாங்க. மனசு ஒடிஞ்சுட்டாங்க, அதான்னு டாக்டர் சொல்றாரு." தயங்கினான். "உங்களத் தவிர யாரக் கேக்கறதுன்னு தெரியல."

போனாள். ஆறு கட்டில் போட்ட வார்டு. அக்காவின் கட்டில் ஜன்னலோரம், நேரே வெயில். அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி, இடக்கையால் வலப்பக்க நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். புருவத்துக்கு நடுவே அந்தப் பழைய மடிப்பு. பார்த்த நொடியே செக்கரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"இது அந்தத் தலைவலிதானே?" என்றான் மகன்.

"தெரியல தம்பி."

"உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சதாலதான் அம்மா இப்படிக் கெடக்காங்க." "டாக்டரக் கூப்பிடுங்க. தலைய மறுபடி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. அது வர்றவரைக்கும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

நர்ஸ் முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"இல்லீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கேக்கறேன்."

மதியம்வரை நின்ற இடத்திலேயே நின்றாள். படம் எடுத்தார்கள். புதிய அடைப்பு எதுவும் இல்லை. அதன் பிறகுதான் டாக்டரிடம் ஐந்து வருஷக் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம். ஆனா பழைய மாத்திரை இனிமே கூடாது. ரத்தக்குழாயச் சுருக்கும். சாதாரண மருந்துதான் தரலாம், கேக்குமான்னு தெரியாது" என்றார். கை போய், பேச்சும் போயிருந்தது. வலி மட்டும் வழி தெரிந்து திரும்பி வந்துவிட்டது.

செக்கரம்மா ஜன்னல் திரையை இழுத்தாள். விளக்கை அணைக்கலாமா என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியைக் கேட்டாள்.

"தாராளமா அணைங்க. எங்க வீட்டுக்காரருக்குக் குறட்டை விட வெளிச்சம் எதுக்கு?" என்றார் அந்தம்மா. சொல்லிவிட்டு எழுந்துபோய், வாசலில் சத்தமாகப் போன் பேசிக்கொண்டிருந்தவரையும் தள்ளிப் போகச் சொன்னார்.

ஈரத்துணியை நெற்றியில் வைத்துவிட்டுச் செக்கரம்மா குனிந்தாள்.

"அக்கா, நான்தான். அன்னிக்கி விட்டுட்டுப் போயிட்டேன்."

ஒரு கண் திறந்தது. அவளைப் பார்த்தது. அவள் தன் கையை அக்காவின் இடக்கை மேல் வைத்தாள். அக்கா அதைத் தள்ளிவிட்டார். மிச்சமிருந்த பலம் முழுவதையும் திரட்டித் தள்ளினார். அந்தக் கை ஒருகாலத்தில் அவளுக்கு வாளி பிடித்த கை.

செக்கரம்மா கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். போகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, கால் தரையில் உரசாமல் அவளுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான்.

அரை மணி கழித்து அவள் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அக்கா. இடது கையத் தூக்குங்க."

அக்கா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"தூக்குங்கக்கா. தூக்குனாத்தான் விடுவேன்."

தொண்டைக்குள் ஓர் உறுமல் கேட்டது. இடக்கை விரல்களை விரித்து எழும்பியது. எட்டியிருந்தால் அவள் கன்னத்தில் விழுந்திருக்கும். செக்கரம்மா அந்தக் கோபத்துக்காக ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த அரை மணியைக் கணக்குவைக்கக் கடிகாரத்தைப் பார்த்தாள்.